கையை எடு

விடிவதற்கு முன்பே கைகள் வந்துகொண்டிருக்கும். பீங்கான் கைகள். விரல்களை விரித்துக்கொண்டு, தலைகீழாகச் சங்கிலியில் தொங்கிக்கொண்டு, ரப்பர் பாலில் முங்கி, சூட்டறையில் வெந்து, எங்கள் மூக்குக்கு முன்னால் ஓடும். நிற்காது. அது ஓடுகிற ஓட்டத்திலேயே மேலே ஒட்டியிருக்கும் கையுறையை உரிக்க வேண்டும். மணிக்கட்டில் பிடி, சுருட்டு, இழு. ஒன்றைத் தவறவிட்டால் சூப்பர்வைசர் தனேஷ் வந்து நம் தோலை உரிப்பான்.

ஈப்போவிலிருந்து காம்பார் போகிற பழைய ரோட்டில் இருக்கிறது எங்கள் கையுறைக் கிலாங்; தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம். என் அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவிய தோட்டம் இதே மண்ணில்தான் இருந்தது. மரத்தை வெட்டினார்கள், லயத்து வீடுகளை இடித்தார்கள், எங்களை வெளியே அனுப்பினார்கள். அப்புறம் கிலாங் கட்டி, உரிக்க ஆள் வேண்டும் என்று எங்களையே கூப்பிட்டார்கள். வந்தோம். வேறு எங்கே போவது? அன்றைக்குப் பால் மரத்திலிருந்து வந்தது, இன்றைக்கு டாங்கி லோரியில் வருகிறது. நம் முதுகு மட்டும் அதே முதுகு.

சத்தத்தைக் கேட்கவே வேண்டாம். பக்கத்தில் நிற்பவள் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் ஒரு மண்ணும் கேட்காது. கேட்டாலும் எல்லாருக்கும் புரியாது. எங்கள் வரிசையில், கக்கா என்று நாங்கள் கூப்பிடும் மலாய்க்கார அக்கா இருக்கிறார், நேப்பாளத்துப் பிஷ்ணு இருக்கிறான், நாங்கள் இருக்கிறோம். கைகளோ வேலையில் இருக்கின்றன. அதனால் முகத்தால் பேசுவோம். வெக்கையில் மாஸ்க் எல்லாருக்கும் தாடையில்தான் தொங்கும். ஒரு புருவம் மேலே போனால் தனேஷ் வருகிறான். வாயை ஒரு பக்கம் கோணினால், கக்கூசுக்குப் போகிறேன், என் இடத்தைப் பார்த்துக்கொள். இரண்டு கன்னத்தையும் உப்பினால், கையை எடு. ஆபத்து. என்ன ஏது என்று கேட்காதே, முதலில் கையை எடு.

இந்தப் பாஷையில் வீரம்மாதான் எங்களுக்குத் தலை. வரிசையின் முதல் ஆள் அவள். வருகிற கைகளை முதலில் பார்ப்பவள். கன்னம் இரண்டும் பூரி மாதிரி எழும்பும். நாங்கள் அதைச் சொல்லியே கிண்டல் பண்ணுவோம். அவளுக்கு அடுத்து நிற்பது நான், மங்களம்.

போன வருஷக் கடைசியில் சங்கிலியின் வேகத்தைக் கூட்டினார்கள். சங்கிலி திரும்புகிற மூலையில் ஒரு கம்பிவலை இருந்தது, கழன்ற பீங்கான் கை ஏதாவது தெறித்தால் ஆள்மேல் விழாமல் இருக்க. வேகம் கூடியதும் உடைசலும் கூடியது. வலையைத் திறந்து திறந்து உடைசலை அள்ள நேரமாகிறதாம். வலையைக் கழற்றிச் சுவரோரம் சாத்திவைத்துவிட்டார்கள். "வலை எங்கலா?" என்று பிஷ்ணு மலாயில் கேட்டதற்கு, "நீ எஞ்சினியரா?" என்று கேட்டான் தனேஷ்.

அன்றைக்குக் காலை ஷிப்ட் தொடங்கி வியர்வை முதுகில் இறங்குகிற நேரம். வீரம்மாவின் கன்னம் இரண்டும் உப்பின. நான் கையை எடுத்தேன். என்னைப் பார்த்து, எனக்கு அடுத்து நிற்கிற சின்னப் பெண் ஷர்மினி எடுத்தாள். கடைசி ஆள்வரை எடுத்துவிட்டோமா என்று பார்க்க வீரம்மா எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அந்த நேரம் பார்த்துத்தான் மூலையிலிருந்து ஒரு பீங்கான் கை பிய்த்துக்கொண்டு வந்து அவளுடைய வலது காதில் அறைந்தது. அறைந்தது என்றுதான் சொல்வேன். ஐந்து விரலும் சேர்ந்த அறை. அது யாருடைய கை என்பது எனக்குத் தெரியும்.

விழுந்தவள் எங்கள் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாய் இடது பக்கம் கோணியிருந்தது. ஷர்மினி என்ன நினைத்தாள் தெரியுமா? கக்கூசுக்குப் போகணும் என்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாய் அவள் இடத்தில் போய் நின்று உரிக்க ஆரம்பித்துவிட்டாள். வாய் நேராகவே இல்லை. காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. அப்போதுதான் எங்களுக்கு உயிர் போயிற்று.

தனேஷ் ஓடி வந்தான். முதல் வேலையாக, ரத்தம் பட்ட கையுறைகளைத் தனியாக எடுத்துப் போடச் சொன்னான்.

கம்பெனிக் கிளினிக்கில் காதைத் துடைத்தார்கள். "முகத்துல காத்துப் பட்டிருக்கு, தானா சரியாகும்" என்றார்கள். மாத்திரையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்து, எம்சி லீவுச் சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். பீங்கான் பட்டது என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். "ஆமாக்கா, ஆமாக்கா" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீரம்மாவின் புருஷன் ராமையா செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவர். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்திருக்கிறார், பெண்டாட்டி காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள். வலது கண் மூடவில்லை, குடித்த தண்ணீர் வாயோரம் ஒழுகுகிறது. மனுஷன் என்ன செய்வார்? எங்கள் வரிசையில் காதில் எண்ணெய் விடாத ஆள் கிடையாது. வாரம் முழுக்க அந்த இரைச்சலில் நின்றுவிட்டு வந்தால் காது கொய்ங் என்று கத்தும். ஞாயிற்றுக்கிழமை நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் ஒருத்தி மடியில் ஒருத்தி தலைவைத்துப் படுத்து விட்டுக்கொள்வோம். வீரம்மாவுக்கு வாராவாரம் விடுவது ராமையாதான். அன்றைக்கும் விட்டார். ஆசையாய்த்தான் விட்டார்.

மூன்றாம் நாள் காய்ச்சல். தலை சுற்றி, எழுந்தால் வாந்தி. காதிலிருந்து சீழ். நான் போய்ப் பார்த்தவள், "லோரி சாவியைக் கீழ போடுங்கண்ணே, கார் எடுங்க" என்று கத்தி, அவளை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

காது டாக்டர் ஒரு பொண்ணு. தர்ஷனா என்று பெயர். சிரிக்க மாட்டாள், ஆனால் நின்று பேசுவாள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு எங்களை உட்காரவைத்தாள்.

"அக்கா, காதுக்குப் பின்னால இருக்கிற எலும்பு விரிஞ்சிருக்கு. முகத்த ஆட்டி வைக்கிற நரம்பு அந்த எலும்புக்குள்ள ஒரு சின்னக் குழாய் வழியாத்தான் வருது. எலும்புச் சில்லு ஒண்ணு அத நசுக்குது. காத்தும் இல்ல, கருப்பும் இல்ல. திறந்து சில்ல எடுக்கணும். சீக்கிரம் எடுத்தா முகம் திரும்பி வர வாய்ப்பு இருக்கு. லேட்டானா நரம்பு செத்துரும்."

"காது கேக்குமா டாக்டர்?" என்றார் ராமையா.

"ஜவ்வு கிழிஞ்சிருக்கு. உள்ளுக்கு மூணு குட்டி எலும்பு ஒண்ணோட ஒண்ணு கோத்து நிக்கும். நடு எலும்பு கழண்டு கிடக்கு. அதனாலதான் சத்தம் உள்ள போகல. உள்காது நல்லா இருக்கு. அதுக்கு ரெண்டாவது ஒப்பரேஷன். செஞ்ச எலும்பு ஒண்ணு வச்சுக் கோத்துவிட்டா பெரும்பாலும் கேக்கும். அது அப்புறம், முதல்ல நரம்பு." பிறகு அவள் குரல் மாறியது. "எண்ணெய் விட்டது யாரு?"

ராமையா கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

"கிழிஞ்ச காதுல எண்ணெய் விடலாமாண்ணே? சீழ் வச்சிருச்சு. இத சுத்தம் பண்ணாம நான் கத்தி வைக்க முடியாது. நமக்கு இருக்கிறதே கொஞ்ச நாள், அதுல பாதி இதுக்கே போயிரும்."

வராந்தாவில் வந்து அந்த மனுஷன் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். நான் கையைப் பிடித்து இழுத்தும் விடவில்லை. "நானே கெடுத்துட்டேன் மங்களம், நானே கெடுத்துட்டேன்." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவர்மேல் இல்லை. வலையைக் கழற்றி அறைந்த முதலாளி ஏர்கோனில் உட்கார்ந்திருக்கிறான், மருந்து போட்டவன் தலையில் அடித்துக்கொள்கிறான். இது என்ன உலகம்?

மருந்து ஏற்றி, சீழை வடித்து, இருந்த நாளுக்குள் ஒப்பரேஷன் நடந்தது. காலையில் உள்ளே கொண்டுபோனவளை மாலையில்தான் வெளியே கொண்டுவந்தார்கள். டாக்டர் தொப்பியைக் கழற்றாமலே வந்து சொன்னாள். "நரம்பு அறுந்து போகல. நசுங்கி வீங்கி இருந்துச்சு, விடுவிச்சாச்சு. இனிமே அதுவா முழிக்கணும். மாசக்கணக்குல ஆகும். முழுசா வருமான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. கண்ணாடி முன்னால உட்கார்ந்து தினமும் முகத்துக்குப் பயிற்சி கொடுக்கணும்."

இது இப்படி இருக்க, முதலாளி ராமையாவைக் கூப்பிட்டனுப்பினார். டத்தோ பட்டம் வாங்கிய முத்தப்பன். கோயில் கும்பாபிஷேக நோட்டீசில் முதல் பெயராய் வருபவர். ராமையாவை உட்காரவைத்து, தே தாரிக் டீ வரவழைத்து, "தம்பி, குடும்பத்துல ஒருத்தன்னு நெனச்சுச் சொல்லுங்க. என்ன நடந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார். உட்காரச் சொல்லி யாரும் கேட்காத மனுஷன் இவர். உள்ளே வைத்துப் புழுங்கியதையெல்லாம் கொட்டிவிட்டார். எண்ணெய் விட்டேன் டத்தோ, சீழ் வச்சிருச்சு, நான்தான் கெடுத்தேன்.

அவ்வளவுதான், வேறு என்ன வேண்டும்? மறுநாளே கிலாங் முழுக்கப் பேச்சு வந்துவிட்டது. வீரம்மாவுக்கு லைனில் பட்டது லேசான அடி. முகம் போனது வீட்டில் எண்ணெய் விட்டதால். புருஷனே ஒத்துக்கொண்டான். ஆகையால் இது வேலையிடத்து விபத்து இல்லை. அடிபட்ட தொழிலாளிக்குப் பணம் கொடுக்கிற அரசாங்கக் காப்புறுதி சொக்சோவுக்குக் கம்பெனி எழுதிக்கொடுக்காது. சொக்சோ இல்லையென்றால் அந்தச் செய்த எலும்பை வீரம்மா எங்கே போய் வாங்குவாள்? ஒப்பந்தமும் இந்த மாதத்தோடு முடிகிறதாம், புதுப்பிக்க மாட்டார்களாம்.

சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனுக்கு டத்தோவே வந்தார். நாங்கள் எழுந்திருக்கவில்லை. அதுவே அவருக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருந்திருக்கும்.

"மங்களம், நீங்க மூத்தவங்க. சின்னப் புள்ளைங்கள தூண்டி விடுறீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"பேசுறோம் டத்தோ. தூண்டுறதுக்கு இங்க எல்லாரும் முழிச்சுத்தான் இருக்காங்க."

"புருஷன்காரன் எண்ணெய் ஊத்துனதுக்கு நான் எப்படிப் பொறுப்பு? நீங்களே சொல்லுங்க."

"எண்ணெயா?" நான் எழுந்தேன். "இந்த ஷர்மினி காதுல எண்ணெய் இருக்கு. என் காதுல இருக்கு. போன வாரம் பிஷ்ணுவுக்கே நான்தான் விட்டேன், அவனுக்கும் உங்க மிஷின் சத்தத்துல காது கத்துதாம். எங்க எல்லார் காதுலயும் எண்ணெய் இருக்கு டத்தோ. எலும்பு யாருக்கு உடைஞ்சிருக்கு? எண்ணெய் எலும்ப உடைக்குமா?"

கேண்டீனில் யாரோ சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது.

"நானும் தமிழன்தான்மா. உங்க கஷ்டம் தெரியாதவன் இல்ல. உங்க கோயிலுக்குக் கூரை போட்டுக் குடுத்தது யாரு?"

"கோயில் கூரைய நாங்க கேக்கல. கம்பிவலைய கேக்குறோம். சுவத்துலதான் சாஞ்சு கிடக்கு, புதுசாக்கூட வாங்க வேணாம். சங்கிலிய பழைய வேகத்துல ஓட்டுங்க. லைன்லதான் அடிபட்டான்னு உண்மைய எழுதிக் குடுங்க."

அவர் பிஷ்ணுவின் பக்கம் திரும்பி, "உன் வேலை பர்மிட் எப்போ முடியுது?" என்று மலாயில் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே முடிவெடுத்தோம். கையுறை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஆட்கள் சோதனைக்கு வரப்போகிறார்கள் என்று ஒரு வாரமாய்த் தரையைத் தேய்க்கவைத்துக்கொண்டிருந்தான் தனேஷ். அவர்கள் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நடைபாதையில் நின்று எங்களை வேடிக்கை பார்ப்பார்கள். அந்த நேரம் நான் கன்னத்தை உப்புவேன். எல்லாரும் கையை எடுக்க வேண்டும். கோஷம் இல்லை, கொடி இல்லை, கையை எடுப்பது மட்டும். "என்னை ஊருக்கு அனுப்பினாலும் சரி, முதல் கை என்னோடது" என்று மலாயில் சொன்னான் பிஷ்ணு.

இதைச் சொல்லலாம் என்று வீரம்மா வீட்டுக்குப் போனேன். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பயிற்சி செய்துகொண்டிருந்தாள். வலது கண்மேல் பிளாஸ்டர். கன்னத்தை உப்பிப் பார்க்கிறாள். இடது பக்கம் எழும்புகிறது. வலது பக்கம் காற்று நிற்காமல் உதட்டோரம் புஸ்ஸென்று போய்விடுகிறது. என்னைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பாதிப் பூரி" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அவளுக்குச் சிரிப்பும் பாதிதான் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் அவளுடைய வலது பக்கம் உட்கார்ந்து திட்டத்தைச் சொன்னேன். கேட்கவில்லை. தலையை முழுசாகத் திருப்பி இடது காதைக் கொடுத்தாள். கேட்டுவிட்டு, "வேணாம் மங்களம்" என்றாள்.

"என்னாலா வேணாம்?"

"டத்தோ ஆள் அனுப்பினாரு. அந்த வெள்ளைக்காரங்க வர்ற அன்னைக்கு நானும் வந்து நிக்கணுமாம். விபத்து சேதி அவங்க வரைக்கும் போயிருச்சாம், அடிபட்ட ஆளு நல்லா இருக்கான்னு காட்டணுமாம். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, வாய்க்கு மாஸ்க். கேட்டா தலைய மட்டும் ஆட்டணும். ஆட்டினா வேலை இருக்கும். ரெண்டாவது ஒப்பரேஷனுக்கும் அவரே பாத்துக்கிறாராம்."

"நீ என்ன சொன்ன?"

"வாரேன்னு சொன்னேன்."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். "அடி மானங்கெட்டவளே! உனக்காக அந்தப் பையன் பர்மிட்ட விடுறேங்கிறான். நீ மாஸ்க்க மாட்டிக்கிட்டு அந்த டத்தோவுக்குத் தலையாட்டப் போறியா?"

அவளும் கத்தினாள். கோணிய வாயிலிருந்து வார்த்தை வழுக்கி வழுக்கி வந்தது. "உனக்கு என்ன, ரெண்டு காதும் கேக்குது! எம் புருஷன் வலது பக்கம் படுத்துக்கிட்டு அழுறாரு, எனக்குக் கேக்க மாட்டேங்குது. காலையில தலகாணி ஈரமா இருக்கிறத பாத்துத்தான் தெரிஞ்சுக்கிறேன். எனக்குக் காது வேணும் மங்களம். மானத்த அப்புறம் பாப்போம்."

நான் வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் கேண்டீனில் வரிசை ஆட்களிடம் சொன்னேன். "அக்காவுக்குக் காது வரும்னா விட்டுரலாம்லா" என்றாள் ஷர்மினி. அவளைக் குறை சொல்ல முடியுமா? என்னாலும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அன்றைக்கு என் கன்னத்தைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அந்த நாள் வந்தது. தரை பளபளத்தது. சங்கிலியின் வேகத்தைக் குறைத்திருந்தார்கள், பார்த்தீர்களா, அவர்கள் பார்க்கும்போது மட்டும்! சுவரோரம் கிடந்த வலையை மாட்ட நேரமில்லை போல, அதன்மேல் ஒரு நீலத் துணியைப் போட்டு மூடியிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டத்தோ வந்தார், பின்னால் இரண்டு வெள்ளைக்காரர்கள், ஒரு ஆணும் ஒரு பெண்ணும். அவர்களுக்குப் பின்னால் புதுச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, மாஸ்க். வீரம்மா. நடையில் இன்னும் தள்ளாட்டம் இருந்தது. டத்தோ அவள் தோளில் தட்டி ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள்.

மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கியாயிற்று, எல்லார் கண்ணும் என் கன்னத்தில். பிஷ்ணு பார்க்கிறான். ஷர்மினி பார்க்கிறாள். என் கை உரித்துக்கொண்டே இருந்தது. உப்பினால் அவளுடைய காது போகும். உப்பாவிட்டால் நாளைக்கு ஷர்மினியின் காது, நாளன்றைக்கு பிஷ்ணுவின் காது. வாய்க்குள் காற்று இருந்தது, கன்னத்துக்கு அனுப்ப என்னால் முடியவில்லை. நான் இப்படி ஆடிப்போய் நின்றது கிடையாது.

வீரம்மா கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் வந்தாள். தன்னுடைய இடத்தைத்தான் பார்த்தாள். அங்கே இப்போது நான் நிற்கிறேன். பிறகு மூலையைப் பார்த்தாள். நீலத் துணியைப் பார்த்தாள். சங்கிலி திரும்புகிற இடத்தில் இன்னும் வலை இல்லை என்பதைப் பார்த்தாள்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். டத்தோவின் கை நீண்டது. அவள் மாஸ்க்கையும் கழற்றிக் கீழே போட்டாள். அந்தக் கோணல் முகத்தை, பிளாஸ்டர் ஒட்டிய கண்ணை, காதுக்குப் பின்னால் இருந்த தையலை, எல்லாவற்றையும் எங்களுக்கு நேராகக் காட்டிக்கொண்டு கன்னத்தை உப்பினாள்.

இடது கன்னம் எழும்பியது. வலது கன்னத்தில் காற்று நிற்கவில்லை. திரும்ப உப்பினாள். திரும்பவும் நிற்கவில்லை. விரலை எடுத்து வலது உதட்டோரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூன்றாம் முறை உப்பினாள்.

அவளால் முடியாத அந்தப் பாதியை நான் உப்பினேன். ஷர்மினி உப்பினாள். கக்கா உப்பினார். வரிசை முழுக்கக் கன்னங்கள். சொன்னபடி முதல் கை பிஷ்ணுவுடையது. அப்புறம் எல்லார் கையும். பீங்கான் கைகள் உரிக்க ஆளில்லாமல் தோலோடு திரும்பிப் போயின, பாலில் முங்கின, தோல்மேல் தோல் ஏறி வந்தன. தனேஷ் எங்களைப் பார்த்தான், டத்தோவைப் பார்த்தான், கடைசியில் வேறு வழியில்லாமல் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினான்.

சங்கிலி நின்றது. பிஷ்ணு போய் அந்த நீலத் துணியை இழுத்துக் கீழே போட்டான்.

அந்த வெள்ளைக்காரப் பெண் வீரம்மாவின் பக்கம் குனிந்து ஏதோ கேட்டாள். வலது காதுப் பக்கம் கேட்டாள். டத்தோ முந்திக்கொண்டு பதில் சொல்லப் போனார். அந்தப் பெண் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

வீரம்மா தலையை முழுசாகத் திருப்பி இடது காதைக் கொடுத்தாள். பிறகு கண்ணாடி வழியாக அந்த மூலையைக் கைநீட்டிக் காட்டி, தனக்குத் தெரிந்த மலாயும் இங்கிலீஷும் கலந்து, கோணிய வாயால், மெல்லப் பேச ஆரம்பித்தாள்.

நாளைக்கு எங்களில் எத்தனை பேருக்கு இந்த வேலை இருக்கும் என்று தெரியாது. அவள் முகம் முழிக்குமா, அந்தக் குட்டி எலும்பு வருமா, அதுவும் தெரியாது. அவள் பேசி முடிக்கட்டும். நாங்கள் கன்னத்தை இன்னும் இறக்கவில்லை.